முறைத் தண்ணீர்

அதைக் கிணறு என்று சொல்வதற்கே பெரிய மனது வேண்டும். ஓர் இரும்பு மூடி, அதைத் தூக்கினால் நிலத்துக்குள் இறங்கும் குழாய், குழாயின் அடியில் எங்கேயோ ஒரு மோட்டார், அவ்வளவுதான். வாளி விட முடியாது, குனிந்து முகம் பார்க்க முடியாது. ஆனாலும் பகை வளர்க்க அது தாராளமாகப் போதும். குணேஸ்வரியும் அவளுடைய தங்கை சுலோஜனாவும் அந்த மூடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நின்று, ஆறு வருடமாக முகம் கொடுத்துப் பேசாமல் கீரை வளர்த்தார்கள்.

ஜெர்மனியின் ஹம் நகரத்துக்கு வெளியே, ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் இருந்து வான் வண்டியில் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுகிற ஒரு கிராமம். பூக்கன்று வளர்த்த ஒரு ஜெர்மன்காரக் கிழவர் விட்டுப்போன இரண்டு கண்ணாடி வீடுகளை அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் வாங்கினார்கள். அதுவரை குணேஸ்வரி ஹோட்டல் அறை துப்புரவாக்கப் போனவள். "இனி ஒருத்தற்றை கட்டிலுக்கும் நான் விரிப்பு விரிக்க மாட்டன்" என்று சொல்லிக்கொண்டுதான் முதல் பாத்தியைக் கொத்தினாள். முளைக்கீரை, வல்லாரை, பயற்றங்காய், பாகல், கத்தரி என்று எல்லாம் வந்தன. அவளுடைய புருஷன் கனகலிங்கம் அவற்றை வானில் ஏற்றி டோர்ட்மண்ட் தமிழ்க் கடைகளுக்குக் கொண்டுபோவார். வீட்டில் சத்தம் கூடினால் அதே வானுக்குள் போய் இருந்துகொள்வார். நல்ல மனுசன், முதுகெலும்பு கொஞ்சம் குறைவு.

பிரிவு வந்தது குணேஸ்வரியின் மகள் தர்மிகா பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கில். சுலோஜனாவின் புருஷன் பாஸ்கரன் அதற்கு முதல் வருடம்தான் அவளை விட்டுவிட்டு லண்டனுக்குப் போயிருந்தான். மண்டபத்தில் ஆலாத்தி எடுக்கப் பெண்களைச் சோடி சோடியாகக் கூப்பிட்டபோது, குணேஸ்வரி தங்கையைக் கூப்பிடவில்லை. சனம் கதைக்கும் என்று பயந்தாள். சுலோஜனா பட்டுச் சேலையோடு கடைசிவரை கதிரையில் இருந்தாள், பலகாரத்தைத் தொடாமல் எழும்பிப் போனாள். அடுத்த கிழமை இரண்டு கண்ணாடி வீடுகளுக்கும் நடுவே கம்பி வேலி வந்தது. குணேஸ்வரி செய்தது பிழை, அது அவளுக்கும் தெரியும். தெரிந்த பிழைக்கு மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை.

வேலி போட்டதும் கிணறு அக்காவின் பக்கம் விழுந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இது புதுச் சங்கதியா? காணி பிரித்தால் உறுதியில் கிணற்றுப் பங்கையும் வழிவாய்க்காலையும் எழுதாமல் எந்த நொத்தாரிசும் பேனாவை மூடமாட்டார். ஜெர்மன் நொத்தாரிசுக்கு அந்த வரி தெரியாது. ஆகவே கனகலிங்கம் இரண்டு பேரையும் ஊன்ட்றொப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கோயில் வாசலில் கற்பூரம் கொளுத்தினார். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. ஒருத்தியின் முறையில் மற்றவள் கை வைத்தால் அம்பாள் கேட்பாள். இரண்டு பேரும் அப்படிச் சத்தியம் செய்து உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்தார்கள். வேலிக்குக் கீழால் ஒரு கறுப்புக் குழாய் போனது.

அம்பாளுக்குச் சொல்லியாயிற்று. க்ரைஸுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்ற நினைப்பே எவருக்கும் வரவில்லை. க்ரைஸ் என்பது அந்தப் பகுதியின் வட்டாரச் சபை. ஆறு, ஓடை, நிலத்தடி நீர் எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். கிணறு எவருடைய காணியில் இருக்கிறதோ அவருடைய பெயரில் ஓர் அனுமதி கொடுப்பார்கள். அந்தக் காணிக்கு இறைக்க மட்டும்தான் அது செல்லும். அனுமதி குணேஸ்வரியின் பெயரில் இருந்தது.

அந்த வருடம் பங்குனியிலேயே வானம் கையை விரித்துவிட்டது. சித்திரையில் இரண்டு தூறல், பிறகு அதுவும் இல்லை. கோயில் தேர் முடிந்து ஆடி பிறந்தபோது ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கும் வரவில்லை. கண்ணாடி வீட்டுக்குள் போனால் மூச்சு அடைத்தது. பயற்றங்கொடி பூத்திருந்தது, ஆனால் பூ பிஞ்சாகாமல் கொட்டியது. ஓடையில் இருந்து ஒருத்தரும் தண்ணீர் எடுக்கக் கூடாது, கிணற்றுக்காரரும் முன்பு எடுத்ததில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று க்ரைஸ் உத்தரவு போட்டது.

மீட்டர் பார்க்க வந்தவர் திருமதி ஹெல்விக். க்ரைஸின் தண்ணீர் அலுவலகத்துக்குப் பொறுப்பானவர். குணேஸ்வரி அதைத் 'தண்ணிக் கந்தோர்' என்பாள். ஹெல்விக் சிரிக்காத மனுசி. சப்பாத்தில் சேறு இருக்கும், கையில் எப்போதும் ஓர் அப்பிள் இருக்கும். மூடியைத் தூக்கி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கண்ணாடி வீட்டைப் பார்த்தார்.

"இந்த ஒரு வீட்டுக்கு இவ்வளவு தண்ணீரா?"

"கீரைக்குக் கனக்கத் தண்ணீர் வேண்டும்" என்றாள் குணேஸ்வரி. ஜெர்மன் மொழியில் பொய் சொல்வது அவளுக்கு அவ்வளவு கடினமாக இருக்கவில்லை.

"இதே வேகத்தில் போனால் இந்த மாதம் முடிவதற்குள் உங்கள் அளவு முடிந்துவிடும். அதற்கு மேல் எடுத்தால் அனுமதியை நிறுத்துவோம். உங்களுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அதுதான்."

"என்னுடைய காணியில் என்னுடைய கிணறு" என்றாள் குணேஸ்வரி.

"காணி உங்களுடையது. கீழே இருக்கும் தண்ணீர் எவருடையதும் இல்லை." ஹெல்விக் அப்பிளை ஒரு கடி கடித்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

மத்தியானம் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துவிட்டுக் குணேஸ்வரி புருஷனுக்கு முன்னால் இருந்தாள். அவள் சாப்பிடவில்லை.

"காணி மேல் மண்ணுக்கு மட்டுமாம். கீழை ஒருத்தற்றையும் இல்லையாம். கேட்டியளே?"

"அவையின்ர சட்டம் அப்பிடித்தான், குணம்."

"சட்டம் கிடக்கட்டும். அரைவாசித் தண்ணி வேலிக்குக் கீழாலை போகுது. மீட்டர் என்ர பேரிலை ஓடுது. நாளைக்குக் கிணத்தைப் பூட்டினால் நான் திரும்பவும் ஹோட்டலிலை கக்கூஸ் தேய்க்கவோ?"

"கற்பூரம் கொளுத்தினது ஞாபகம் இருக்கே?"

"ஓம், முறை குடுக்கிறன் எண்டுதான் கற்பூரம் கொளுத்தினது. எவ்வளவு எண்டு ஆர் சத்தியம் பண்ணினது?"

கனகலிங்கம் கையில் பிடித்த புட்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் அவளைப் பார்த்தார். "உது கள்ளக் கணக்கு" என்றார். சொல்லிவிட்டு, வழமைபோல, வானுக்குள் போய் இருந்தார்.

அன்று பின்னேரம் குணேஸ்வரி மூடியைத் தூக்கி, தங்கையின் பக்கம் போகிற குழாயின் திருகைப் பாதிக்கு இறுக்கினாள். கைக்குத் திருகு சுலபமாக வந்தது, மனதுக்குத்தான் கொஞ்சம் கரகரத்தது. அந்தக் கரகரப்பையும் சமையல் சத்தத்தில் மறந்துவிட்டாள்.

சுலோஜனா காலையில் முதியோர் இல்லத்தில் வேலை செய்துவிட்டு மத்தியானம் வந்துதான் இறைப்பாள். அடுத்த நாள் தன்னுடைய முறைக்கு வந்து குழாயைத் திறந்தாள், தண்ணீர் மெல்லியதாகக் கொஞ்சம்தான் வந்தது. அக்காவோடு பேச்சில்லாத வீட்டில் கோபத்தைச் சொல்ல ஒரே வழி சாடை. அவள் பாகற்கொடியைப் பார்த்துப் பேசினாள், ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும்படி.

"குடியுங்கோ பிள்ளையள், குடியுங்கோ. பெரிய மனுசி பிச்சை போட்டிருக்கிறா. கிடைக்கிறதைக் குடிச்சிட்டுச் சாகுங்கோ."

குணேஸ்வரி முளைக்கீரையைப் பிடுங்கிக்கொண்டே புருஷனைக் கூப்பிட்டாள். "இஞ்சாருங்கோ, கிணத்திலை தண்ணி குறைஞ்சால் குழாயிலையும் குறையும் எண்டு சிலபேருக்கு ஆரும் படிப்பிக்கேல்லைப் போலை."

"அத்தான்" என்றாள் சுலோஜனா, அவளும் அவரையே பிடித்துக்கொண்டு. "கிணத்திலை குறைஞ்சால் ரெண்டு பக்கமும் குறையவேணும். அங்காலை பாத்தி ஈரமாய்க் கிடக்கு, இஞ்சாலை புழுதி பறக்குது. நான் குருடியோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

"சுலோ, வெயில் கூட, பிள்ளை. உள்ளுக்குப் போ" என்றார் கனகலிங்கம். அந்த மனுசனுக்கு வேறு என்ன சொல்லத் தெரியும்?

"நான் போறன் அத்தான். போகவேண்டிய இடத்துக்குப் போறன். பங்கைப் பறிச்சால் கேக்கிறதுக்கு இந்த நாட்டிலையும் ஆக்கள் இருக்கினம்."

அவள் முதியோர் இல்லத்தில் ஒரு நாளும் பிழை விடாதவள், ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதுகிறவள். ஆனால் கிணற்றுப் பங்கு என்று வந்தவுடன் அவளுக்குள் இருந்த யாழ்ப்பாணத்தாள் எழும்பிவிட்டாள். பங்கு என்றால் உரிமை, உரிமை என்றால் சபையில் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும். இவ்வளவுதான் அவள் போட்ட கணக்கு.

க்ரைஸின் சுற்றாடல் குழுக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரம் ஊர்மக்கள் கேள்வி கேட்கலாம். அந்த முறை மண்டபம் நிரம்பி வழிந்தது. கிழங்குத் தோட்டக்காரர், மாட்டுப் பண்ணைக்காரர், பூக்கடைக்காரர் என்று எல்லோர் முகத்திலும் அடிக்கப்போகிற களை இருந்தது. குணேஸ்வரியும் தன்னுடைய அளவைக் கொஞ்சம் கூட்டித்தரக் கேட்கலாம் என்று கனகலிங்கத்தோடு போயிருந்தாள். தங்கை மூன்றாம் வரிசையில் தனியே இருந்ததைக் கண்டதும் அவள் புருஷனை முழங்கையால் இடித்தாள்.

கழுத்துச் சிவந்த ஒரு கிழங்குத் தோட்டக்காரர் எழும்பினார். "கொல்ஃப் மைதானத்துப் புல் பச்சையாக நிற்கிறது. என்னுடைய கிழங்கு மண்ணுக்குள் வேகிறது. இங்கே யார் யாரோடு கொல்ஃப் விளையாடுகிறார்கள் என்று சொல்லுங்கள்."

பின்வரிசையில் கைதட்டினார்கள். தலைவர் மணி அடித்தார். கொல்ஃப்காரர்கள் தேக்கி வைத்த மழைத் தண்ணீரைத்தான் பாவிக்கிறார்கள் என்று ஓர் உறுப்பினர் சொல்ல, "எந்த மழை?" என்று யாரோ கத்தினார்கள். ஹெல்விக் எழும்பி ஒழுங்கைச் சொன்னார். முதலில் குடிதண்ணீர், பிறகு கால்நடை, அதன் பிறகு பயிர். எதை எடுத்தாலும் ஓடை வற்றக் கூடாது, ஓடைக்கும் ஒரு பங்கு உண்டு.

"மீனுக்கும் முறையாம்" என்றாள் குணேஸ்வரி.

"மெல்லக் கதை" என்றார் கனகலிங்கம்.

அப்போதுதான் சுலோஜனா எழும்பினாள். வேலை உடுப்பை மாற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். ஒலிவாங்கியை வாங்கி வாயருகே பிடித்தாள். "எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே கிணறு. ஆறு வருடமாக ஒருநாள் விட்டு ஒருநாள் நான் தண்ணீர் எடுக்கிறேன். அது என்னுடைய பங்கு. இப்போது அக்கா என் பங்கைக் குறைத்துவிட்டார். சபை இதைக் கேட்க வேண்டும்."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது தன்னோடு சேர்த்து இன்னொரு தவளையையும் கெடுக்கப் பார்த்தது.

ஹெல்விக் மேசையில் வைத்த அப்பிளை நகர்த்திவிட்டு, எந்தக் கிணறு, எந்த ஊர் என்று கேட்டார். சுலோஜனா கேட்டதற்கெல்லாம் நேர்மையாகப் பதில் சொன்னாள். சொல்லச் சொல்ல ஹெல்விக்கின் முகம் மாறுவதை அவளும் கண்டாள், ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. ஹெல்விக் பார்வையைத் தூக்கிக் குணேஸ்வரியைக் கண்டுபிடித்தார்.

"உங்கள் பெயர் வந்ததால் கேட்கிறேன். அனுமதி இல்லாத காணிக்கு அந்தக் கிணற்றில் இருந்து தண்ணீர் போகிறதா? இங்கே வைத்து நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை."

குணேஸ்வரி எழும்பினாள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். தங்கை பொய்க்காரி, கிணறு தனக்கு, குழாயை இரவோடு இரவாகப் பிடுங்கிவிடலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலும் காரியம் பாதி நடந்துவிடும். அவள் தங்கையைப் பார்த்தாள். அவ்வளவு சனத்துக்கு நடுவில் சுலோஜனா தனியே நின்றாள், எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. பாசமெல்லாம் பொங்கவில்லை. இவளைத் தொலைத்துப்போட்டால் என்ன என்றுதான் தோன்றியது. ஆனால் ஒரு மண்டபத்தில் ஒருதரம் இவளை இப்படித் தனியே இருத்திவைத்தாயிற்று. இரண்டாம் தரமும் அதையே செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளங்கையால் அணைத்த கற்பூரமும் ஞாபகத்துக்கு வந்தது.

"ஓம்" என்றாள் தமிழில். பிறகு ஜெர்மன் மொழியில் சொன்னாள்: "போகிறது. பாதி அவளுடையது."

கனகலிங்கம் கண்களை மூடிக்கொண்டார். எழும்பிப் போய் இருந்துகொள்ள மண்டபத்துக்குள் அவருக்கு வான் இல்லை.

கூட்டம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் சுலோஜனா வெளிறிப்போய் நின்றாள். அனுமதி நிறுத்தப்படும், கிழமைக்குள் வந்து கிணற்றைப் பூட்டுவோம் என்று ஹெல்விக் இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் அக்காவைப் பார்த்து நேராகப் பேசினாள்.

"இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே."

"உனக்காக ஒண்டும் சொல்லேல்லை. கற்பூரத்துக்குச் சொன்னனான்."

"திருகைப் பாதியிலை இறுக்கேக்கை கற்பூரம் எங்கை போனது?"

"நீ உள்ளுக்கை போய் எங்களைக் காட்டிக் குடுக்கேக்கை உன்ர மூளை எங்கை போனது? ஊர்ச் சங்கக் கூட்டம் எண்டு நினைச்சியோ, பங்கு கேக்க?"

"எனக்கு உரிமை இருக்கெண்டு நினைச்சன்."

"நினைச்சாய். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரு சொட்டும் இல்லை. சந்தோசமே?"

"ஓம்" என்றாள் சுலோஜனா. "நீயும் நானும் இப்பதான் ஒரே அளவு." அழுதுகொண்டுதான் சொன்னாள், ஆனால் நக்கல் குறையவில்லை. பிறகு பஸ் தரிப்புக்கு நடந்தாள். கனகலிங்கம் வானின் கதவைத் திறந்து "பிள்ளை, ஏறன்" என்றதற்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எப்போது பூட்டுவார்கள் என்று தெரியாதபடியால், குணேஸ்வரி அடுத்துவந்த தன்னுடைய முறையில் கண்ணாடி வீட்டு மூலையில் நின்ற வெள்ளைப் பிளாஸ்ரிக் தண்ணீர்த் தாங்கியை விளிம்புவரை நிரப்பினாள். அடுத்த நாள் காலையிலேயே ஹெல்விக் ஒரு தொழிலாளியோடு வந்தார். அன்று சுலோஜனாவின் முறை. அவள் இன்னும் வேலையால் வரவில்லை.

"நாளைக்குப் பூட்ட முடியாதா?" என்று குணேஸ்வரி கேட்டாள்.

"ஏன்?"

"இன்று அவளுடைய முறை. கடைசித் தண்ணீர் நான் எடுத்ததாகிவிடும்."

ஹெல்விக் தொழிலாளிக்கு மூடியைக் காட்டினார். "அந்த முறைக்காகத்தான் நான் இங்கே நிற்கிறேன்" என்றார். தொழிலாளி மோட்டாரின் வயரைக் கழற்றி, மூடிக்குக் குறுக்கே கம்பி போட்டு ஈய முத்திரை வைத்தான். போகும்போது ஹெல்விக் நின்று சொன்னார்: "இரண்டு காணிக்கும் ஒரே கிணறு என்று சேர்ந்து விண்ணப்பிக்கலாம். அடுத்த வருடத்துக்குக் கிடைக்கக்கூடும். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாக வந்து, ஒரே மேசையில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் வந்தால் எடுக்க மாட்டேன். உங்கள் தங்கைக்கும் இதை அறிவித்திருக்கிறேன்."

"ஒரே மேசையிலா?" என்று கேட்டுக் குணேஸ்வரி சிரித்தாள். ஹெல்விக் சிரிக்கவில்லை.

அவர்கள் போனதும் அவள் பழைய ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்தாள். திங்கட்கிழமையே வரச் சொன்னார்கள், பழைய ஆள் என்றபடியால் ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டுக் கண்ணாடி வீட்டுக்குள் போய், வாடிய பயற்றங்கொடிகளுக்கு நடுவே ஒரு கவிழ்த்த வாளியில் இருந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பிப் போய், தாங்கியில் இருந்து வருகிற குழாயைக் கழற்றி, வேலிக்குக் கீழால் போகிற கறுப்புக் குழாயோடு பூட்டினாள்.

கனகலிங்கம் வாசலில் நின்று பார்த்தார். "முழுக்கத் திறக்கிறியோ?"

"முறை எண்டால் பிறகென்ன, அரைவாசியோ?"

"எங்கடை கண்டுகள்?"

"அது செத்துப்போச்சு. பேசாமல் போய் வானிலை இருங்கோ."

சுலோஜனா மத்தியானம் வெள்ளை வேலை உடுப்போடு வந்தாள். முத்திரையைக் கண்டு வேலியருகில் அசையாமல் நின்றாள். குழாயில் சத்தம் கேட்கத்தான் குனிந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது. கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள். சாடை பேசுவதற்குப் பாகற்கொடி பக்கம் திரும்பியவள், திரும்பிய பக்கத்தில் இருந்து மறுபடியும் வந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"தாங்கித் தண்ணி. பிளாஸ்ரிக் மணக்குது."

"உன்ர பாகலுக்கு மூக்கில்லை."

"ஒரு முறைக்கு இது காணாது."

"காணாட்டிப் போய் க்ரைஸிலை சொல்லு. உனக்குத்தான் வழி தெரியுமே."

"தனியப் போனால் எடுக்க மாட்டினமாம். ரெண்டு பேரும் சேந்து வரட்டாம்."

குணேஸ்வரி தாங்கியைத் தட்டிப் பார்த்தாள், பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. "உன்னோடை ஒரு வானிலை நான் வரமாட்டன்" என்றாள்.

"ஆர் உன்னைக் கூப்பிட்டது?" என்றாள் சுலோஜனா, மடிந்து கிடந்த குழாயைக் காலால் நிமிர்த்திக்கொண்டு. "நான் பஸ்ஸிலை வருவன்."